தூங்காத மாடி

அந்த ‘பாட்’ நிரலை நான் உருவாக்கியது ஒரே ஒரு ஆளுக்காகத்தான். குழுவில் உதவி செய்கிறவர்களை ஊக்குவிக்கப் போகிறேன், அது இது என்று எல்லோரிடமும் பெரிய பேச்சு பேசினேன். உண்மையான காரணம் அந்த ஒரு ஆள். கடைசியில் என் பாட் அந்த ஆளையே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டது.

முதலில் குழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரகடத்தில் கார் சீட் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். அவர் பஸ்ஸில் வந்த பிள்ளைகள் சிலர் கைபேசியில் ஒரு குழு ஆரம்பித்து, அதற்கு ‘மூணு ஷிப்ட்’ என்று பெயர் வைத்தார்கள். பஸ் எங்கே வருகிறது என்று கேட்டுக்கொள்ளத்தான் ஆரம்பித்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வடக்குப்பட்டு வரைக்கும் இருக்கிற எல்லா கம்பெனி ஆட்களும் அதற்குள் வந்து சேர்ந்தார்கள். ஆரம்பித்த பிள்ளைகள் வேறு ஊருக்கு வேலை மாறிப் போகும்போது, “அக்கா, நீங்கதான் பொறுப்பா இருப்பீங்க” என்று நிர்வாகத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள்.

அங்கே என்ன கேள்விதான் வராது! பெண்களுக்கு ரூம் எங்கே கிடைக்கும், பி.எஃப். பணம் எடுக்க எந்தக் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும், தண்டலத்தில் ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் இருப்பாரா, இன்டர்வியூவுக்கு ஷூ கட்டாயமா, பாக்கெட் மாவு புளித்துவிட்டது, என்ன செய்வது. இத்தனைக்கும் பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தது. அதன் பெயர் ‘மொட்டை மாடி’.

குழுவில் யாரும் சொந்தப் பெயரில் இருப்பதில்லை. சிங்கக்குட்டி, அம்மா செல்லம், கடன்காரன் என்று ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். அதனால் மொட்டை மாடி என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படம்கூட ஒரு மொட்டை மாடிதான். கொடியில் சட்டைகள் காயும், பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி தெரியும். எல்லோரும் ‘மாடி’ என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். மாடிக்குத் தெரியாத பஸ் கிடையாது. சில நேரம் “அண்ணே, பதறாதீங்க, நான் சொல்லுதேன்” என்று குழைவாகப் பதில் வரும். சில நேரம் “போர்டுல எழுதியிருக்கு, கண்ணைத் தொறந்து பாருங்க” என்று வரும். பசி நேரத்தில் கேட்டால் அப்படித்தான் எரிந்துவிழும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். நானும் அந்த ரகம்தான் என்பதால் மாடியை எனக்கு இன்னும் பிடித்துப் போயிற்று.

ஆனால் எனக்கு அதன்மேல் பிரியம் வந்தது ஒரு மழை நாளில். மத்தியானத்திலிருந்து கொட்டு கொட்டென்று கொட்டியது. சாலையெல்லாம் ஏரியாகிவிட்டது. வீட்டுக்காரர் பஸ் எடுத்துப் போனவர், போன் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்கிறது. வெட்கத்தை விட்டுக் குழுவில் கேட்டேன். உடனே மாடி பதில் போட்டது. “அந்த பஸ்லதான் நான் வந்துக்கிட்டு இருக்கேன். தண்ணி வரதுக்கு முன்னாடியே டிரைவர் அண்ணன் மேட்டுல நிப்பாட்டிட்டாரு. எங்க எல்லாருக்கும் பன்னு வாங்கிக் குடுத்துட்டு அவரு வெறும் டீ குடிச்சுக்கிட்டு நிக்காரு. பயப்படாதீங்க.”

அந்த வெறும் டீயைப் படித்ததும் எனக்கு உயிர் வந்தது. அந்த மனிதர் அப்படித்தான். இட்டுக்கட்டி யாரும் அதைச் சொல்ல முடியாது.

அந்த பஸ்ஸில் வருவது பெண்கள்தான். வீட்டுக்கு வந்ததும் அவரைக் குடைந்தேன். யார் அந்தப் பெண், பார்த்தால் சொல்லுங்கள் என்றேன்.

“பஸ்ஸு நெறைய பொம்பள புள்ளைங்க. எல்லாம் மூஞ்சில துணி கட்டிகினு தூங்குதுங்க. எது மாடி, எது கீழ்வூடுன்னு நான் எப்டி கண்டேன்?” என்றார்.

அப்புறம் அவருக்கு ரூட்டும் மாறிவிட்டது. நான் தனியாக ஒரு நன்றி எழுதி அனுப்பினேன். கும்பிடு போட்ட கை படம் ஒன்று பதிலாக வந்தது. அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை. ஆளை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி ஒரு மாலை போட வேண்டும் போலிருந்தது. மாலை போட முடியாதே, அதனால்தான் பாட்.

பாட் என்றால் ஒன்றுமில்லை, குழுவுக்குள் தானாக வேலை செய்கிற ஒரு சின்ன நிரல். ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டர் கணக்குத் தாள்களோடு மல்லுக்கட்டிய அனுபவம் எனக்கு இருந்தது. மீதியை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். கேள்வி கேட்டவர், பதில் சொன்னவருக்கு ‘தேங்க்ஸ்’ என்றோ கும்பிடு படமோ போட்டால், பதில் சொன்னவர் கணக்கில் ஒரு நட்சத்திரம் ஏறும். மாதக் கடைசியில் யாருக்கு நட்சத்திரம் அதிகமோ அவருக்குப் பரிசு. பழைய லேப்டாப் ஒன்றை ஃப்ரிட்ஜ் மேல் வைத்து, அணைக்கவே கூடாது என்று சீட்டு ஒட்டி, ஓடவிட்டேன்.

“ஃப்ரிட்ஜி மேல இன்னாத்துக்கு இது? கேட்டா தயிர் எடுத்துக் குடுக்குமா?” என்றார் வீட்டுக்காரர்.

“உனக்குக் குடுக்காது. நல்லது பண்றவங்களுக்கு நட்சத்திரம் குடுக்கும்.”

“பொயுது போவல உனக்கு” என்று சொல்லிவிட்டு, தயிரைத் தானே எடுத்துக்கொண்டார்.

பரிசாக ஸ்ரீபெரும்புதூர் பாத்திரக் கடையில் ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் வாங்கினேன். கனமான தகடு, நாலு அடுக்கு. கடைக்காரர் பேர் வெட்டும் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு, “இன்னா பேர் போடணும்?” என்றார். மொட்டை மாடி என்று சொன்னால் மனிதர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். “அப்புறம் வந்து வெட்டிக்கிறேன்” என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மாடிதான் ஜெயிக்கும் என்பதில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை.

நம் ஆட்களைப் பற்றி நான் யோசித்திருக்க வேண்டும். பாட் ஓட ஆரம்பித்ததும் இரண்டு தடியன்கள் கிளம்பினார்கள். ஒருவன், “மச்சி, மணி இன்னா?” என்பான். மற்றவன், “நாலு மச்சி” என்பான். “தேங்க்ஸ் மச்சி.” ஒரு நட்சத்திரம். திரும்ப, “மச்சி, இப்ப மணி இன்னா?” எனக்குக் கோபம் தலைக்கேறியது. இதற்காகவே ஒரு விதி போட்டேன், திரும்பத் திரும்ப அதே இரண்டு பேர் என்றால் கணக்கில் சேராது. அடுத்தது இன்னொருவன் வந்தான். எந்தக் கேள்வி வந்தாலும் அவன் போன் தானாகவே, “எனக்கும் தெரியல, தெரிஞ்சா சொல்றேன்” என்று பதில் போடும்படி செய்துவைத்தான். நம் சனங்களின் மரியாதையைப் பாருங்கள், அதற்கும் தேங்க்ஸ் சொன்னார்கள். நட்சத்திரம் அவனுக்கு மளமளவென்று ஏறியது.

அவனைப் பிடிக்கத்தான் அந்த விதியைப் போட்டேன். மனுஷன் என்றால் தூங்க வேண்டும். நாள் முழுக்க, சில நாள் தொடர்ந்து, தூங்க நேரம் விடாமல் ஒரு கணக்கிலிருந்து பதில் வந்தால் அது இயந்திரம். பாட் பழைய பதிவுகளையும் பார்த்து அதைத் தானாக வெளியே தள்ளிவிட்டு ஒரு செய்தி அனுப்பும். அந்தச் செய்தியை நானே உட்கார்ந்து அழகான தமிழில் எழுதினேன். “நீங்கள் மனிதர் அல்ல என்று தெரிகிறது. எனவே நீக்கப்படுகிறீர்கள். வணக்கம்.” வணக்கம் போட்டது என் மரியாதை.

மறுநாள் வேலை முடிந்து போனை எடுத்துப் பார்க்கிறேன், குழுவே அல்லோலகல்லோலப்படுகிறது. மாடி எங்கே, மாடி எங்கே என்று ஒரே கூச்சல். தெரியலைக்காரனோடு சேர்த்து மாடியையும் பாட் வெளியே தள்ளியிருந்தது.

தடையை உடனே நீக்கினேன். திரும்ப வாருங்கள் என்று செய்தி அனுப்பினேன். போய்ச் சேரவே இல்லை. எண் தெரியாது, பெயர் தெரியாது. அதற்குள் புதிதாக வேலைக்கு வந்த பையன் ஒருவன் எந்த ஸ்டாப்பில் இறங்குவது என்று கேட்க, சிங்கக்குட்டி தப்பாகச் சொல்லி, அவன் பெங்களூர் சாலையில் எங்கேயோ போய் இறங்கிக்கொண்டு அங்கிருந்து திட்டினான். மாடி இருந்திருந்தால் இது நடக்குமா? ஒருவர் பாக்கியில்லாமல் என்னைக் கேட்டார்கள். சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. பன்னு தின்றவள், என் பயத்தைத் தீர்த்தவள், அவளைப் பார்த்து நீ மனுஷியே இல்லை என்று சொல்லியிருக்கிறேன். வணக்கம் வேறு.

விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

“மூணு ஷிப்டுன்னு பேர வெச்சிகினு, தூங்கலன்னா தப்புன்னு ரூல்ஸ் போட்டுகீற. நைட் பஸ் ஓட்றவன் பொண்டாட்டி நீ!”

“நைட் ஷிப்ட் ஆளுங்க பகல்ல தூங்குவாங்க இல்ல? மாடி எப்பவுமே தூங்கலையே” என்று கத்தினேன். கத்தும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. மனிதர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் போனைக் கையில் வாங்கி, மாடியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இந்தத் தொட்டி பிள்ளைப்பாக்கத்துல கீது. காவி கலர் அடிச்சி, பாதில பெயிண்ட் தீந்துபோயி, மீதி வெள்ளையா வுட்டு வெச்சிருப்பானுங்க. பழைய ரூட்டுல அங்கதான் பஸ்ஸ வளைப்பேன். முன்னாடியே படத்தக் காட்டக் கூடாதா நீ?”

எத்தனையோ முறை பார்த்த படம். தொட்டியில் பாதி நிறம் மாறியிருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் கேரியரைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினோம். பிள்ளைப்பாக்கத்தில் தொட்டியைக் கண்டுபிடித்து, அதற்கு நேராக இருந்த மாடி வீட்டின் முன்னால் நின்றோம். கீழே வீட்டுக்கார அம்மா வெங்காயம் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“யாரு வோணும்?”

“மாடில இருக்கிற பொண்ணைப் பாக்கணும்.”

“எந்தப் பொண்ணு? நீ போ. அந்தாளு ஏறக்கூடாது. என் மாடிக்கி ஆம்பள யாரும் போறதில்ல.”

வீட்டுக்காரர் எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார். நான் ஏறினேன்.

மேலே ஒரே அறை. வாசலில் செருப்புகள் ஒரு குவியலாகக் கிடந்தன. உள்ளே மூன்று பேர் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். இருபது இருபத்தொன்று வயதிருக்கும். ஜன்னல் கம்பியில் நைலான் கயிறு கட்டி, அதன் மறுமுனையில் ஒரு பழைய போனைக் கட்டி வைத்திருந்தார்கள். வெளியே கொடியில் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. நீலம், சாம்பல், வெள்ளை. ஒன்றொன்றிலும் ஒவ்வொரு கம்பெனி முத்திரை.

“மொட்டை மாடின்னு குழுவுல இருக்கிறது யாரும்மா?” என்றேன்.

பீன்ஸ்காரி கத்தியைக் கீழே வைத்தாள். “நாங்கதான். இருந்தோம். நீங்க யாருக்கா?”

நாங்கள் என்றால்? அவளே சொன்னாள். கயிற்றில் கட்டியிருக்கிறதே, அதுதான் ரூம் போன். வேலைக்குப் போனால் அவரவர் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டிலிருந்து பதறிப்போய் யாராவது கூப்பிட்டால் எடுக்க ஒரு போன் அறையிலேயே இருக்க வேண்டும். யாரும் தவறிப்போய் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்றுதான் கயிறு. ஆறு பேர், மூன்று ஷிப்ட். எந்த நேரமும் யாராவது முழித்திருப்பார்கள். குழுவில் கேள்வி வந்தால் முழித்திருக்கிறவள் பதில் சொல்ல வேண்டும். அது அந்த ரூமின் சட்டம். தெரியாவிட்டால், தெரிந்தவள் ஷிப்ட் முடிந்து வரும்வரை காத்திருந்து கேட்டுச் சொல்ல வேண்டும்.

“ஒரு நாளு பாத்தா, நீங்கள் மனிதர் அல்லன்னு வருது. என்ன தப்பு பண்ணோம்னே தெரியல. கோவத்துல அந்தச் செயலியையே அழிச்சிட்டோம்” என்றாள். “யாருக்கா அப்பிடி எழுதுனது?”

“நான்தான்.”

ஒரு போர்வை அசைந்தது. முகத்தைக் காட்டாமல் உள்ளிருந்தே ஒரு குரல் வந்தது. “லைன்ல சூப்பர்வைசரு, மிஷின் மாதிரி ஓட்டுங்கன்னு சொல்லுதாரு. நீங்க மிஷினுன்னு சொல்லி வெளிய தள்ளுதீங்க. எதாவது ஒண்ணு சொல்லுங்கக்கா.”

போர்டைப் பார்க்கச் சொன்னது இந்தக் குரல்தான் என்று உடனே எனக்குத் தெரிந்துபோயிற்று. தரையில் உட்கார்ந்தேன். தெரியலைக்காரன் கதையையும், தூக்க விதியையும், மழை நாளையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். தூங்காததால்தான் தள்ளினேன் என்றதும் பீன்ஸ்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூன்று போர்வைகளும் குலுங்கின. மூவரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

“இந்த ரூம்ல தூக்கத்துக்குத்தான்க்கா சண்டையே நடக்கும்” என்றாள் போர்வைக்காரி.

“மன்னிச்சிருங்கம்மா. மழையன்னைக்குப் பதில் போட்டது உங்கள்ல யாரு?” என்று கேட்டுவிட்டு, பையிலிருந்து கேரியரை எடுத்து நடுவில் வைத்தேன். “இது அவங்களுக்குன்னு வாங்கினது. பேர் சொன்னா போதும், வெட்டிட்டு வந்து குடுத்திடறேன்.”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பீன்ஸ்காரி மெல்லச் சொன்னாள்.

“அது நாங்க யாரும் இல்லக்கா. அப்ப நாங்க யாருமே இங்க இல்ல. எங்களுக்கு முன்னாடி இருந்த அக்கா. கல்யாணமாகி தென்காசிப் பக்கம் போயிட்டாங்க. அந்த போன், படம், பேரு எல்லாம் அவங்களோடதுதான். அப்ப கயிறு கிடையாது, கையிலயே கொண்டுபோவாங்க. கேக்குறவங்களுக்குப் பதில் சொல்லாம விட்டுறாதீங்கன்னு சொல்லி இதை விட்டுட்டுப் போனாங்க.”

இத்தனை நாளும் நான் கொண்டாடியது, விரட்டியது, தேடிக்கொண்டு வந்தது எல்லாம் அவளைத்தான் என்று நினைத்திருந்தேன். அவள் எப்போதோ போய்விட்டாள். அவள் குரலில் இவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். வந்த காரியம் ஆகவில்லையே என்று ஒரு பக்கம் ஏமாற்றமாகவும், இந்தப் பிள்ளைகளை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போல இன்னொரு பக்கமும் இருந்தது.

“போன் போட்டுத் தரவாக்கா?” என்றாள் போர்வைக்காரி. கேட்கும்போதே போட்டுவிட்டாள். கயிறு எட்டாததால் நான் ஜன்னலோரம் போய் நின்றேன்.

“ஏட்டி, சோறு பொங்கியாச்சா?” என்று ஒரு குரல். பின்னால் குழந்தை சிணுங்கும் சத்தம். நான் யார் என்று சொன்னேன். மழை, மேடு, பன்னு என்று ஏதேதோ சொன்னேன்.

“அன்னைக்கு நான் என்னக்கா பண்ணேன்? சன்னல் வழியா பாத்ததைச் சொன்னேன். அண்ணன்லா பன்னு வாங்கிக் குடுத்தாரு. காலைல இருந்து சாப்பிடாம இருந்தேன், அவருக்கு எப்பிடித் தெரிஞ்சுதோ. அண்ணன் நல்லா இருக்காரா?”

கயிறு கட்டிய போனைக் கீழே கொண்டுபோக முடியாது. அவர் மேலே வரவும் முடியாது. நான் ஜன்னல் வழியாக டீக்கடையைப் பார்த்து, “யோவ், இங்க வாய்யா! பன்னு தின்ன பொண்ணு பேசுது!” என்று கத்தினேன். டம்ளரோடு தெருவுக்கு வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். போனை ஒலிபெருக்கியில் போட்டுக் கம்பிக்கு வெளியே நீட்டினேன்.

“இன்னாம்மா, நல்லா கீறியா? துன்னியா?” என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

“சாப்பிட்டேன்ணே!” என்று தென்காசிப் பக்கமிருந்து அவள் கத்தினாள். வீட்டுக்கார அம்மா கீழேயிருந்து, “ஆம்பள சத்தம் மட்டும் மேல வர்லாமா?” என்று முணுமுணுத்தார். ரூமே சிரித்தது. நான் அழுதுகொண்டிருந்தேன் என்று பிற்பாடு வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொன்னார். உண்மைதான்.

கிளம்பும்போது, கேரியரில் உங்கள் ஆறு பேர் பெயரையும் வெட்டித் தருகிறேன் என்றேன்.

“பேரு வெட்டாதீங்கக்கா” என்றாள் பீன்ஸ்காரி. “வெட்டுனா அவ அவ ஊருக்குத் தூக்கிட்டுப் போக மனசு சொல்லும். வெட்டலன்னா ரூம்லயே கெடக்கும். அடுத்து வாரவளுக்கும் ஆகும்.”

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகத் தூக்க விதியை அழித்தேன். பாட் இன்னும் ஃப்ரிட்ஜ் மேல்தான் ஓடுகிறது. சாயங்காலம் மாடி திரும்பக் குழுவுக்குள் வந்தது. சிங்கக்குட்டிதான் முதலில் பார்த்துவிட்டு, “மாடி, இத்தினி நாளா எங்க போயிருந்த?” என்று கேட்டான்.

“நாங்க ஆறு பேரும் நல்லாத் தூங்கினோம்” என்று பதில் வந்தது. “சொல்லுங்க, எந்த பஸ்ஸு வேணும்?”